மூன்றரை மணி மாவு

முதுநகர் துணைமின் நிலையத்தில் கிளம்பும்போது
எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.
தெற்கே போகப் போகத்தான் இளைப்பு.
ராசாப்பேட்டை டிரான்ஸ்ஃபார்மரில் இறங்கி,
முப்பத்தொரு கம்பம் கடந்து,
சவுக்குத் தோப்பை ஒட்டிய வீட்டுக்குள் நுழைகையில்
இரவு ஏழரைக்கு
நூற்று எண்பத்தெட்டு வோல்ட்.

'கிரைண்டர் உறுமுது, சுத்தல.'
ஏழாவது மனு.
அஞ்சலாட்சி, கணவர் பெயர் கலியபெருமாள்,
தொழில்: இட்லி மாவு.

முதலில் தோன்றுவது எல்லாருக்கும் தோன்றுவதுதான்.
டாப்பை ஒரு படி ஏற்றினோம்.
கடைசி வீட்டுக்கு ஆறு வோல்ட் கூடியது.
முதல் வீட்டில், நள்ளிரவில், இருநூற்று ஐம்பத்தாறு.
விடிந்ததும் பாவாடைசாமி
கருகிய ஸ்டெபிலைசரைக்
கைக்குழந்தை போல ஏந்திக்கொண்டு
ஆபீஸ் வாசலில் நின்றார்.
இறக்கினோம்.

ஒரு திருகு. இரண்டு வீடு.
இடையில் ஆயிரத்து இருநூறு மீட்டர் அலுமினியம்,
அதன் மேல் கடலுப்பு.

இடையில் இறால் குட்டைகளும்.
ஆறு மணிக்கு ஏரேட்டர்கள் சுழலும்.
இறாலுக்கு மூச்சு வேண்டும், தப்பில்லை.
அந்த மோட்டார்கள்
உழைப்பதற்கென்று கேட்பது ஒரு பங்கு,
காந்தமாய் இருப்பதற்கென்றே கேட்பது இன்னொரு பங்கு.
அந்த இன்னொரு பங்கும்
கம்பி நெடுக உரசிக்கொண்டுதான் வர வேண்டும்.
நண்பகலில் கதை தலைகீழ்:
பண்ணைக் கூரையின் சூரியத் தகடுகள் தள்ளத் தள்ள
வால் தலையைவிட உயர்ந்து நிற்கும்.

அவள் வீட்டு மீட்டரில் லாகர் கட்டினேன்.
பத்து நிமிடத்துக்கு ஓர் எண், பதினைந்து நாள்.
இரண்டாயிரத்து நூற்று அறுபது எண்களையும் தின்றுவிட்டு
கணினி சொன்னது:
மூன்று குட்டைகளை வேறு ஃபேஸுக்கு மாற்று,
கெப்பாசிட்டரை இருபதாம் கம்பத்தில் வை.
மொத்தத்தில் ஊர் நலம்.
அஞ்சலாட்சி மட்டும் இருநூற்றுப் பதிமூன்று.
விதி கேட்பது இருநூற்றுப் பதினாறு.
சராசரிக்குள் ஒரு வீடு காணாமல் போக
மூன்று வோல்ட் போதும்.

லாகரைக் கழற்றப் போன அன்று
வரைபடத்தைக் காட்டச் சொன்னாள்.
விடியலுக்கு முன் ஒரு மேடு.
ஈர விரலை அதன் மேல் வைத்தாள்.
'இது நான் மேடம்.
மூணரைக்குத்தான் கல்லு கனம் தெரியாம ஓடும்.
ஆறு வருஷமா அப்பதான் அரைக்கிறேன்.'
திரையில் உளுந்து மாவு காய்ந்தது.
நான் துடைக்கவில்லை.

திரும்பி வந்து
கடைசி வீட்டின் விலகலுக்கு ஐந்து மடங்கு எடை கொடுத்தேன்.
கணினி ஏன் என்று கேட்கவில்லை.
இருபத்தேழாம் கம்பம் என்றது.
கோப்பின் ஓரத்தில், பென்சிலில்,
'ஏன் இருபத்தேழு?' என்று கேட்டார் செயற்பொறியாளர்.
மாவு என்று எழுத முடியாது.
'கடைமுனைக் குறைந்தபட்ச மின்னழுத்த நிபந்தனை' என்று எழுதினேன்.

வயர்மேன் சிவநேசன்
உப்புக் காற்றைத் திட்டிக்கொண்டே கட்டி முடித்தான்.
ஏழரைக்கு இருநூற்றுப் பதினேழு.
ஒன்றுதான் கூடுதல், ஆனால் கூடுதல்.

போன வாரம் போன் செய்தாள்.
'ராத்திரி எட்டுக்கே அரைச்சு மூடிடுறேன்.
மூணரைக்கு முழிப்பு மட்டும் தானா வந்துடுது.
ஃபேன் எவ்ளோ வேகமா சுத்துதுன்னு பாத்துட்டு
திரும்பப் படுத்துக்கிறேன்.'

ஐப்பசியில் இன்னும் நான்கு குட்டைகள் வெட்டப்போகிறார்களாம்.
பாவாடைசாமியின் ஸ்டெபிலைசர்
இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.