இரண்டாம் வேலை

ஆலங்கட்டி மழை என் சுபாருவை
கால் மணி நேரத்தில் அம்மை வார்த்த முகமாக்கிவிட்டுப் போனது.
இன்சூரன்ஸ்காரர் போட்ட விலை
இழுத்துப்போக வந்த லாரியின் கூலிக்கே பத்தாது.
ஆர்பர்க்கில் ஓரெஸ்ட் ஹ்னாட்யுக் ஒருவன்தான் விசாரித்தான்:
"இன்ஜினை மட்டும் எனக்குத் தருவாயா, வால்டிஸ்?"
எதற்கென்றேன்.
மேலே பார்த்தான்.

மூன்று லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியது அது.
மைனஸ் முப்பத்தெட்டில்,
ஹீட்டர் வயரை நாய் கடித்துப்போட்ட காலையிலும்
இரண்டாவது திருகலில் எழுந்துகொண்டது.
வாரம் மூன்று முறை வின்னிபெக், அம்மாவின் டயாலிசிஸ்,
ஒருநாளும் வழியில் நிற்கவைத்ததில்லை.
பெருமையாகத்தான் சொன்னேன்.

"உன்னோடு அது உலாத்திக்கொண்டிருந்தது" என்றான்.
"சாலையில் உனக்கு இருபத்தைந்து குதிரை போதும்.
மேலே நூறு கேட்பேன்,
மணிக்கணக்கில் கேட்பேன்.
ஓரங்கட்ட அங்கே ஓரம் இல்லை."

பள்ளிப் பேருந்துப் பணிமனையின் பின்கட்டில்
மூன்று குளிர்காலம்.
இன்ஜின் ஐயாயிரம் சுற்று சுற்றினால்
விசிறி இரண்டாயிரத்துச் சொச்சம் சுற்றப்
பல்சக்கரப் பெட்டி ஒன்று.
ரேடியேட்டரை மூக்கின் கீழ் வைத்தான்,
கழற்றினான், வயிற்றில் வைத்தான்,
சூடு தாளாமல் மறுபடி கழற்றினான்.
அவன் கணக்கு எழுதாத காகிதம் வீட்டில் இல்லை,
மின்சார பில்லின் முதுகு உட்பட.

ஓடுதளத்து ஹால்டோர் மட்டும் வந்து நிற்பார்,
கை இரண்டும் கோட்டுப் பையில்.
"விமானத்துக்கென்றே பிறந்ததை வாங்கு.
அறிவு கொஞ்சம் மட்டுதான்,
ஆனால் பாட்டரி செத்தாலும் பொறி தட்டும்.
உன் சுபாரு படித்த பிள்ளை.
மின்சாரம் போனால் படிப்பும் போச்சு."
அதன் விலை என் வீட்டில் பாதி.
ஓரெஸ்ட் பதில் சொல்லவில்லை.

பறந்த நாற்பத்தோராம் மணி, ஜூலை.
தானியக் கிடங்கின் எடைமேடையில் இருந்தேன்.
தலைக்கு மேல் அந்தச் சத்தம்,
ஏழாண்டு என் காலடியில் கேட்ட அதே 'டிக் டிக்'.
லாரி டிரைவரிடம், "அது என் கார்" என்றேன்.
அவர் சிரித்து முடிக்கவில்லை,
சத்தம் இல்லை.
இல்லை என்பதைக் காது நம்ப
ஒரு மூச்சு பிடித்தது.

டைக் வீட்டாரின் கனோலா வயலில் கிடைத்தான்.
முன் சக்கரம் ஒடிந்து,
ஒரு பல் பாதியாகி,
புருவம்வரை மஞ்சள் பூ ஒட்டி.
என்னைக் கண்டதும் முதல் வார்த்தை:
"இன்ஜின் மேல் தப்பில்லை."

பிரித்துப் பார்த்தார்கள். உண்மைதான்.
பேரிங்கில் கீறலில்லை,
சிலிண்டர் சுவரில் முகம் தெரிந்தது.
பெட்ரோல் பம்புக்குப் போகும் வயரின் முனையில்
சுண்டுவிரல் நகமளவு ஒரு பித்தளை நாக்கு,
சரியாக நசுக்கப்படாமல்,
நாற்பது மணி நேரம் அதிர்ந்து அதிர்ந்து
கழன்றிருந்தது.
ஒரு டாலருக்கு நான்கு கிடைக்கும்.

நசுக்கிய தேதி அவன் நோட்டில் இருக்கிறது:
பிப்ரவரி பன்னிரண்டு, இரவு.
ஹால்டோரிடம் சண்டைக்கு நின்று,
காரணம் என்ற கட்டத்தில்
'கட்டியவன்' என்று எழுதினான்.

அன்றிரவு நான்தான் போயிருந்தேன்,
முட்டைக்கோஸ் உருண்டைச் சட்டியோடு.
ஆறுகிறது வா, ஆறுகிறது வா என்று
கதவருகே நின்று இரண்டு முறை கூப்பிட்டவள்.
இதை இன்னும் அவனிடம் சொல்லவில்லை.

இப்போது பம்பு இரண்டு, பாட்டரி இரண்டு,
எங்கும் எதிலும் இரண்டு.
"இருக்கையும் இரண்டுதான்" என்கிறான், பாதிப் பல் தெரிய.
மூடியைத் திறக்கச் சொல்கிறேன்.
ஒவ்வொரு வயராகப் பிடித்து இழுத்துப் பார்க்கிறேன்.
எதைத் தேடுகிறாய் என்கிறான்.
அடுத்ததை இழுக்கிறேன்.