ஒன்பது வினாடி

அஸ்டோரியாவில் மழையைப் பற்றி யாரும் பேசுவதில்லை,
பெய்யாத நாளைத்தான் பேசுவார்கள்.
சனி இரவு ஏழு மணி நேரலைக்கு
பழைய சினிமா கொட்டகையில்
இருநூற்றுப் பத்து நாற்காலி,
அறுபத்து மூன்று தலை,
ஈரக் கோட்டுகளின் நாய் வாசனை.

என் கையில் நிறுத்துக்கடிகாரம்.
கழுத்தில் தொங்கும் அட்டையின் ஒரு பக்கம் ‘கைதட்டவும்’,
மறுபக்கம் எனக்காக எழுதியது:
பால், பூனைத் தீனி, பல்ப்.
போன மாதம் அவசரத்தில் மறுபக்கத்தைத் தூக்கிவிட்டேன்.
அதற்கும் தட்டினார்கள்.

தொகுப்பாளர் கார்வின் ஹேல்ஸ்டெட் போட்ட வரிசை:
ஐனோ லாஹ்டியின் அக்கார்டியன்,
நாவலாசிரியை ஆறு நிமிடம்,
நகைச்சுவை ஐந்து,
அப்புறம் மீன் டப்பா விளம்பரம்,
அதை மூன்று பேரும் சேர்ந்து பாட வேண்டும்.
நாவலாசிரியையும்தான். ஒப்பந்தத்தில் இருக்கிறது.

வெர்னா டாலெஃப்சன் கண்ணாடியை இரண்டு முறை துடைத்தாள்.
கதையில் ஒரு தம்பி, ஒரு நண்டுப் படகு,
ஆறு கடலில் விழும் இடத்து மணல்திட்டு.
படகு கிளம்புவதோடு நிறுத்துவதாக
ஒத்திகையில் சொல்லியிருந்தாள்.
மேடையில் ஒரு பக்கம் கூடுதலாகப் புரட்டினாள்.
படகு திரும்பி வந்தது,
இஞ்சின் ஓடிக்கொண்டே,
அடுப்பில் காப்பி வற்றிக் கருகி,
ஆள் இல்லாமல்.

புத்தகத்தை மூடினாள். நன்றிகூடச் சொல்லவில்லை.
அட்டையைத் தூக்க வேண்டிய இடம்.
கை எழவில்லை எனக்கு.

அதற்குள் மைக்குக்கு வந்துவிட்டான் டெஸ்மண்ட் ப்ரூயிட்.
அவனுடைய முதல் ஜோக் மிதவைச் சட்டையைப் பற்றியது.
எனக்குத் தெரியும், தட்டச்சு செய்தவர் யார்?

ஒன்று. இரண்டு.

மேடையில் நடிகன் சும்மா நின்றால் ஆழம் என்பார்கள்.
வானொலியில் சும்மா நின்றால் பழுது.
மலை மேல் கோபுரத்தடியில் ஒரு பெட்டி இருக்கிறது.
பத்து வினாடி சத்தம் வராவிட்டால்
நிலையம் செத்துப்போனதென்று முடிவுகட்டி
தானே ஒரு பதிவைப் போட்டுவிடும்:
குதிரைப்படை அணிவகுப்பு, பதினாறு ட்ரம்பெட்.

நான்கு.
டெஸ்மண்ட் வாயைத் திறந்தான். மூடினான்.
ஜோக்குத் தாளை மடித்தான், இன்னொரு மடிப்பு,
தபால்தலை அளவுக்கு வந்ததும் பைக்குள் போட்டான்.
கார்வின் என்னைப் பார்த்தார்.
நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.
கடிகாரத்துக்கு வேறு வேலை இருந்தது.

ஏழு.
ஐனோ துருத்தியை மெல்ல விரித்தாள்,
ஒரு கட்டையையும் தொடாமல்.
காற்று மட்டும் உள்ளே போனது,
தூங்குகிறவர் புரண்டு படுப்பதுபோல.
பெட்டிக்கு அது கேட்டிருக்குமா?
எட்டு.

ஒன்பதில், மூன்றாம் வரிசையில்,
தபால்காரர் ஆர்வில் ஸ்டென்கார்ட் தும்மினார்.
சின்னத் தும்மல் இல்லை. தொப்பி விழுந்தது.

“ஆண்டவன் காப்பாத்தட்டும்,” என்றான் டெஸ்மண்ட், மைக்கில்.
இதில் சிரிக்க என்ன இருக்கிறது?
முதலில் சிரித்தது வெர்னா.
கண்ணாடியைக் கழற்றி, மூக்கை உறிஞ்சி, மறுபடி சிரித்தாள்.
அப்புறம் கொட்டகை.

மிதவைச் சட்டை பைக்குள்ளேயே கிடந்தது.
மாமனாரின் பல்செட்டைப் பற்றி ஏதோ பேசினான்,
சுமார்தான்.
கணக்கை நேராக்க
மீன் டப்பா பாட்டை ஒன்பது வினாடி வேகமாகப் பாடினார்கள்.
கம்பெனி புகார் எழுதியது,
மத்தி என்ற சொல்லே காதில் விழவில்லையாம்.

நேரப் பதிவேட்டில்
காலியாக ஒரு கட்டம் விடக் கூடாது.
‘லாஹ்டி, அக்கார்டியன், தனி: 0.09’ என்று எழுதினேன்.
சம்பளப் பிரிவு கேள்வி கேட்காமல் அவளுக்குப் பணம் அனுப்பியது.

அடுத்த வாரம் ஓர் அஞ்சலட்டை,
லாங்வியூவிலிருந்து, மரலாரி ஓட்டுகிறவர்:
‘ரேடியோ செத்ததென்று ஓங்கி ஓர் அறை விட்டேன்.
மூன்று வருடமாக ஊமையாயிருந்த இடப்பக்க ஸ்பீக்கரில்
யாரோ தும்முகிறார்கள்.
இப்போது இரண்டும் வேலை செய்கிறது.
அந்தத் தம்பி கிடைத்தானா?’

அதை வெர்னாவுக்கு அனுப்பிவிட்டேன்.
பல்ப் வாங்கியாயிற்று.