இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

போர்ட்லாந்திலிருந்து ஒரு இளைஞர் வந்திருக்கிறார்.
செனட்டர் ஆசகேல் தார்ன்டைக்கின் வாழ்க்கையை
இரண்டு பாகமாக எழுதுகிறாராம்.
நகல் புத்தகங்கள் உங்களிடம்தானே, என்கிறார்.
என்னிடம்தான். பதினெட்டு. பரணில்.

மை முழுக்கக் காய்வதற்குள் கடிதத்தின் மேல்
வெங்காயத் தோல் போன்ற ஈரத்தாளைப் போட்டு
இரும்புத் திருகை இறுக்கினால்
எழுத்து இடம்வலம் மாறிப் பதியும்.
தாளின் முதுகைப் பார்த்தால்தான் நேராகும்.
இருபது வருடம் அவரை நான்
முதுகுப் பக்கமாகவே படித்தேன்.

கென்னபெக் ஆற்றை அறுத்து விற்றவர் அவர்.
குதிரை பூட்டிக் கோடு கிழித்து
கட்டம் கட்டமாக அறுத்த பனிக்கட்டி
மரத்தூளில் படுத்துக் கப்பலேறி
ஹவானா போனது, மதராஸ் வரைக்கும் போனதாம்.
"பாதி கரையும். மீதியில்தான் லாபம்," என்பார்.

மூன்று முறை ஆளுநர்.
அப்போதெல்லாம் பதவிக்கு ஒரு வருடம்தான் ஆயுசு.
காதுகேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டினார்,
பாலத்துச் சுங்கத்தை எடுத்தார்.
என் மகள் காய்ச்சலில் கிடந்தபோது
ஒரு வண்டி பனிக்கட்டி வந்தது, பில் வரவில்லை.
நல்லவர்தான். அதையும் எழுதிக்கொள்ளட்டும்.

நார்சிஸ் திபோ. பத்தொன்பது வயது.
ஆறு வாரக் கூலியைப் பிடித்துவைத்த
ஸ்டர்ஜிஸ் கம்பெனியின் கிடங்குக்குத் தீ வைத்தான்.
மரத்தூள் எரிந்தது, சுவர் எரிந்தது.
விடிந்து பார்த்தால்
கூரையில்லாத வெயிலில்
பனிக்கட்டி மட்டும் நிற்கிறது, மாதா கோயில் மாதிரி.
தாமஸ்டன் சிறை, சுண்ணாம்புக் குழி, எட்டு வருடம்.

அவன் அம்மா தெலீமா மாதம் ஒருமுறை வருவாள்.
ஆங்கிலம் தெரியாது.
பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள்,
நாலரை மணி ரயிலுக்கு எழுந்து போவாள்.
நவம்பரில் ஒருநாள் அவள் போன பிறகு
ஆளுநர் என்னைக் கூப்பிட்டார். "எழுது."
மன்னிப்பு ஆணை. பதினோரு வரி.
கையெழுத்துப் போட்டார். திருகை இறுக்கினேன்.
உறைக்கு அரக்கு உருக்கப் போனேன்,
மெழுகுவர்த்தியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.
"ஜனவரி முடியட்டும்."

ஜனவரியில்தான் சட்டமன்றம் செனட்டரைத் தேர்ந்தெடுக்கும்.
ஸ்டர்ஜிஸின் சட்டைப்பையில் நாலு உறுப்பினர்கள்.

ஒன்பதாம் சுற்றில், இரண்டே வாக்கில், ஜெயித்தார்.
கீழே ஆற்றில் அறுப்பு நடந்துகொண்டிருந்தது.
மணிச் சத்தம் கேட்டு ஆட்கள்
ரம்பங்களைத் தூக்கிக் கத்தினார்கள்.

நாலாம் தேதியே வந்துவிட்டது தந்தி.
என் மேஜைக்குத்தான் வந்தது.
நுரையீரல் காய்ச்சல், இரண்டு சொல், மேலே ஒரு கைதி எண்.
அவர் இழுப்பறையைத் திறந்து உறையை எடுத்தார்,
அடுப்பைப் பார்த்தார்,
கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.
அப்புறம் அதை நான் பார்க்கவேயில்லை.

பிப்ரவரியிலும் அவள் வந்தாள்.
மகன் செத்தது தெரிந்துதான் வந்தாள்.
நாங்கள் வாஷிங்டனுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம்.
பெஞ்சில் இருந்த பெட்டியைத் தள்ளி
இடம்செய்து உட்கார்ந்தாள், நாலரை வரைக்கும்.

வாஷிங்டனில் பதினேழு வருடம்.
மூன்று கலங்கரை விளக்கம் கொண்டுவந்தார்.
உப்புமீன் இறக்குமதி வரி பற்றி நாலு மணி நேரம் பேசினார்;
எச்சில் கலத்துக்கே தூக்கம் வந்திருக்கும்.
அதற்குள் இயந்திரம் பனிக்கட்டி செய்யத் தொடங்கிவிட்டது.
கென்னபெக் மறுபடி வெறும் ஆறு.

கடைசி வருடம், ஒரு இரவு,
மாத்திரைக்குத் தண்ணீர் நீட்டினேன்.
"அந்தப் பிரெஞ்சுக்காரிக்கு எத்தனை மணிக்கு ரயில்?"
"நாலரை," என்றேன்.
தலையசைத்தார், மசோதாவில் ஒரு ஷரத்தைக் கேட்டவர்போல.

இளைஞர் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார்.
212-இல் விரல் நிற்கிறது.
"அடடா, இதை யாருமே எழுதவில்லையே!" என்கிறார்.
முதல் பாகத்தை இதிலேயே முடிக்கலாமாம்.
ஈரத்தாளுக்கு எழுதியது தெரியும்,
அனுப்பியது தெரியாது.

பென்சிலைச் சீவிக்கொண்டே,
"இந்தத் திபோ அப்புறம் என்ன ஆனான்?"

இருபது வருடம் இப்படிக் கேட்டவர்களுக்கெல்லாம்
என்னிடம் ஒரே பதில்தான்: கோப்பில் இல்லை.
நாக்கு அதற்குப் பழகிக் கிடக்கிறது.
வாயைத் திறக்கிறேன்.