சிறுகோடு

ஒன்பதாம் வார்ட்டில் சம்மதப் படிவம் நிரப்புவது என் வேலை.
சத்திரசிகிச்சையின் பெயர் என்ற பெட்டி
ஒன்றரை அங்குலம்.
எழுத வேண்டியது
சல்பிங்கோ ஊஃபொரெக்டமி.

வாலைப் பார்த்தே எனக்கு விளங்கும் இப்போது.
‘ஐற்றிஸ்’ என்று முடிந்தால் குளிசை, வீடு.
‘ஓமா’ என்றால் கதிரை கேட்பார்கள்,
கூட வந்தவர் இருக்க.
‘எக்டமி’க்குத்தான் என்னைக் கூப்பிடுவது.

வைத்தியர் கேகாலைக்காரர்.
முன் அசைகளைச் சுடுமணல்போல் ஓடிக் கடந்து
‘ரெக்’கில் மட்டும் ஊன்றி மிதிப்பார்.
மிச்சம் தானாய்ச் சரியும்.
எனக்கு அப்படி வராது.
உயர்தரத்தில் யாப்பு படித்த நாக்கு,
எல்லா அசைக்கும் ஒரே கூலி கொடுக்கும்.
சல், பிங், கோ: தேமாங்காய்.
ஊஃ, பொரெக், டமி: கூவிளங்கனி.
ஒரு காய். ஒரு கனி.
வாய்பாடு சொன்ன பிறகுதான் உறைத்தது
எதை எடுக்கப் போகிறார்கள் என்று.

அரியமலர், அம்பிளாந்துறை, நாற்பத்தாறு வயது.
விடிய முதல் பாதையில் ஏறி வாவி கடந்து வந்தவர்.
சேலைக் கரையில் இன்னும் ஈரம்.

“இவ்வளவு நீளத்துக்க என்ட துண்டு எது மனே?”

பிரித்துச் சொன்னேன்.
சல்பிங்ஸ், ஊதுகுழல். குழாயின் வடிவுக்கு எவரோ வைத்த பேர்.
ஊ, முட்டை.
ஃபொர், சுமப்பது.
எக் என்றால் வெளியே,
டமி வெட்டு.

“ஊதுகுழலா?” சிரித்தார்.
“மூண்டு பிள்ளை பெத்தன். ஒரு நாளும் சத்தம் கேக்கல்லியே.”

மறுகா சொல்லிப் பழகத் தொடங்கினார்.
பாதைக்காரன் கேட்பான், மச்சாள் கேட்பாள்,
வயித்து ஒப்பரேசன் என்று மழுப்பமாட்டாராம்.
வலையின் ஈயக்குண்டுகளை விரலால் எண்ணுவதுபோல்
ஒவ்வோர் அசையாய், ஒன்றையும் விடாமல்.
பக்கத்துக் கட்டிலும் சேர்ந்துகொண்டது.
சுற்றுக்கு வந்த வைத்தியர் நின்று கேட்டார்,
அது என்ன மொழி என்று.

அதற்குள் பெட்டி நிறைந்துவிட்டது.
‘ஊஃபொ’ வரைக்கும் ஒரு வரி,
ஒரு சிறுகோடு,
கீழே ‘ரெக்டமி’.

பேனாவை வாங்கினார். ஒப்பம் வைக்கவில்லை.
நகத்தால் அந்தக் கோட்டைத் தொட்டார்.
“இஞ்சதான் வெட்டுவாங்களா?”

இல்லையம்மா, இடம் காணாது.

“அப்ப சரி” என்றவர்
தன் பெயரை எங்கும் உடைக்காமல் எழுதினார்,
கட்டத்தைத் தாண்டி,
தாளின் ஓரம் வரைக்கும்.