இரண்டாம் வாசிப்பாளர்

முறையியலில்தான் தொடங்கினாள் சோல்ரூன்.
அதற்கு மனம் வேண்டியதில்லை,
குறிப்பு நோட்டு போதும்.
இசாஃபியோர்துர் துறைமுகத்தில்
நான்கு குளிர்காலங்களாக வந்திறங்கிய காட் மீன்கள்.
ஒவ்வொரு தலையையும் பிளந்தால்
புளியங்கொட்டை அளவில் இரண்டு செவிக்கற்கள்.
எடுக்கப்பட்டன. கழுவப்பட்டன.
பிசினில் பதிக்கப்பட்டுக் குறுக்கே அறுக்கப்பட்டன.
எண்ணப்பட்டன.
படித்துப் பார்த்தபோது
எல்லாமே பட்டிருந்தது,
எவரும் எதையும் செய்திருக்கவில்லை.

தோர்கில்ஸ் மகிழ்ந்தார்.
"இப்படித்தான் இருக்க வேண்டும். கை தெரியக் கூடாது."

அவளுக்குத் தெரிந்தது.
நுண்ணோக்கியின் அந்தப் பக்கம்
பிசின் காய்ந்த கட்டைவிரல்,
ஹ்யால்டியுடையது.
குளிர்காலத்துக்கு ஒரு கரிய வளையம்.
அவள் எண்ணியதைப் பாராமல் அவன் எண்ண வேண்டும்,
அவன் எண்ணியதைக் கேளாமல் அவள்.
அதுதான் விதி.
பாராமல், கேளாமல்
அறுநூற்றுப் பன்னிரண்டு கற்கள்.
பிறகு அந்த விதி வீட்டுக்கும் வந்தது.
அது எந்த அத்தியாயத்திலும் வராது.

முடிவுகளை எழுதியபோது டிசம்பர்.
சூரியன் மலைக்குப் பின்னால் போய்
இரண்டு வாரமாகியிருந்தது.
அட்டவணை நான்கு:
வாசிப்பாளர் இருவரும் ஒத்துப்போனது
நூற்றுக்கு எண்பத்து நான்கு.
துறையில் இது நல்ல எண்.
மணவாழ்வுக்கும் மோசமில்லை
என்று தட்டச்சு செய்து
ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள்.

மீதிப் பதினாறில் பெரும்பாலும் ஒரே சண்டை.
மூன்றாம் வளையத்தை ஒட்டினாற்போல்
மெலிந்து, பாதியில் அறுந்து
இன்னொன்று.
பொய் வளையம் என்பாள் அவள்:
மீன் பட்டினி கிடந்த ஒரு கோடை, ஆண்டல்ல.
ஆண்டுதான் என்பான் அவன்:
கிடந்த பட்டினியைக் கணக்கில் விடுவாயா?

விவாதம் என்ற தலைப்பின் கீழ்
ஏழு வாரம் எதுவும் வரவில்லை.
அவன் பெர்கனுக்குப் போய்விட்டான்,
இரண்டு கோப்பைகளையும்
கல் அறுக்கும் ரம்பத்தின் சாவியையும் விட்டுவிட்டு.
விவாதிக்க ஆளில்லாத சமையலறையில்
இரண்டு பக்கமும் அவளே பேசினாள்.
ஒரு இரவு அவன் பக்கம் வென்றது.
முப்பத்தெட்டு மீன்களுக்கு
ஒவ்வோர் ஆண்டு கூடியது.

போதாமைகள் என்றொரு பகுதி உண்டு,
அரைப் பக்கம் போதும் அதற்கு.
நான்கு பக்கம் அனுப்பினாள்.
மூன்றரையை வெட்டித் திருப்பினார் தோர்கில்ஸ்:
"ஆய்வேட்டின் போதாமை மட்டும்."

ஜனவரி இருபத்தைந்து,
வெயில் ஊருக்குத் திரும்பும் நாள்.
ஆய்வகத்தில் எல்லோரும் காபியும் பான்கேக்குமாக
சன்னலோரம் நின்றார்கள்.
அன்றுதான் முன்னுரை எழுதினாள்.
"இந்த ஆய்வு ஒரு கேள்வியிலிருந்து தொடங்குகிறது" என்று,
எதிலிருந்து தொடங்கியது என்பது
எப்போதுமே தெரிந்திருந்தவள் மாதிரி.
விரலில் சர்க்கரை.

நன்றியுரையில் மூன்று படகுகள், ஒரு நிதியம்,
இரவில் கதவு திறந்துவிட்ட காவலர் ஓட்டார்.
இன்னொரு பெயரை எழுதினாள், எடுத்தாள்,
திரும்ப எழுதினாள், எடுத்தாள்.
நன்றி என்பது அதற்குப் பொருந்தவில்லை,
சிறியதா பெரியதா என்று பிடிபடவில்லை.

கடைசித் திருத்தத்தில், முறையியலின் ஓரத்தில்,
தோர்கில்ஸின் சிவப்பு:
"இரண்டாம் வாசிப்பாளர் யார்? பெயர் தேவை."

நெடுநேரம் கழித்து அந்த வரியைக் கலைத்தாள்.
எண்ணப்பட்டன என்றிருந்த இடத்தில்
'கற்களை நானும் ஹ்யால்டி ஆர்ன்கெல்சனும் எண்ணினோம்.'
இருநூற்றுப் பதினேழு பக்கத்தில்
ஆளுள்ள வினை அது ஒன்றுதான்.
தோர்கில்ஸ் கவனிக்கவில்லை,
அல்லது கவனித்துவிட்டு
பேனாவை மூடினார்.

ஒரு வரி நீண்டதால்
படம் ஒன்று அடுத்த பக்கத்துக்கு வழுக்கி
பொருளடக்கம் முழுக்கத் தப்பாகிவிட்டது.
விளக்கை அருகே இழுத்துக்கொண்டு
முதல் பக்கத்திலிருந்து
மறுபடி எண்ணினாள்.