வாசனைக்கு மட்டும்

இரண்டு கிளாஸ் வேண்டும்.
ஒன்றில் ஐஸ் நிரப்பி ஓரமாய் வை, குளிரட்டும்.
மற்றதில் ஒரு சர்க்கரைக் கட்டி,
அது நனைகிற அளவு சிவந்த கசப்புத் துளிகள்
(முதலாளி மூன்று என்பார், நான் நான்கு விடுவேன்),
மரக்கட்டையால் நசுக்கு.
ரை விஸ்கி இரண்டு அவுன்ஸ்.
ஐஸ். கிளறு. குலுக்காதே.
குலுக்குகிறவனை இந்தத் தெருவில்
யாரும் மறுநாள் வேலைக்குக் கூப்பிடுவதில்லை.

இனி அந்தப் பச்சைக் குப்பி.
குளிர்ந்த கிளாஸின் ஐஸைக் கொட்டிவிட்டு
சோம்பு மது ஒரு ஸ்பூன் விட்டு
விளிம்புவரை ஏறச் சுழற்றி
மிச்சத்தைத் தொட்டியில் வீசு.
ஆமாம், வீசு.
கடையிலேயே விலை கூடியது அதுதான்.
அதைத்தான் சாக்கடைக்குக் கொடுக்கிறோம்.
வெறும் கிளாஸ் போலத் தெரியும் அதில்
கிளறி வைத்ததை வடித்து ஊற்று.

நியூ ஆர்லியன்ஸில், டாபின் தெரு முனையில்,
பதினோரு வருடமாக
இப்படித்தான் கொடுத்துவருகிறேன்.

வியாழன்தோறும் ஆறேகாலுக்கு
ஆர்மண்ட் ட்ரோஸ்க்ளேர் வருவார்.
கேஸ் கம்பெனி நீலச் சட்டை,
முழங்காலில் யார் வீட்டுத் தோட்டத்துச் சேறோ.
மார்டி கிரா முடிந்த மறுவாரம்
அவருக்கு ஒரு காய்ச்சல் வந்து போனது.
போகும்போது அவர் மூக்கையும்
கூட்டிக்கொண்டு போய்விட்டது.
காபி வெந்நீர். மீன் ஈரத்துணி.
மனைவி சென்ட் பூசியிருக்கிறாளா என்று
புட்டியில் அளவு இறங்கியதைப் பார்த்துத்தான்
தெரிந்துகொள்வாராம்.

பின்னே எதற்கு இதையே கேட்கிறீர்கள் என்றேன்.
"ஒரு வியாழன் அது திரும்பி வரும்.
வரும்போது நான் இங்கே இருக்கணும்."

அக்டோபரில் அந்த வியாழன் மழை.
பச்சைக் குப்பியில் அடியில் ஒரு விரற்கடை.
லாரி திங்கட்கிழமைதான் வரும்.
ஜன்னலோரம் ஒரு கல்யாணக் கூட்டம்,
ஏழு பேர், ஏழு பேருக்கும் இதே பானம்.
மனசுக்குள் கணக்குப் போட்டேன்:
மூக்கில்லாத மனிதருக்கு வாசனை எதற்கு?

ஐஸைக் கொட்டினேன்.
வெறும் கிளாஸைச் சுழற்றினேன்,
கை பழக்கத்தில் அழகாகவே சுழன்றது.
ஊற்றி, துணியில் அடிப்பக்கம் துடைத்து,
அவர் முன்னால் வைத்தேன்.

ஒரு மடக்கு.
"வெர்லீன்,
ஐஸ் விழுந்தது.
அப்புறம் அந்தச் சின்ன 'சளக்' கேட்கலையே."

பச்சைமிளகாய் கடித்த மாதிரி
காது இரண்டும் எரிந்தது எனக்கு.
குப்பியைத் தூக்கி அடியைக் காட்டினேன்.
சிரித்துவிடுவார் என்று நினைத்தேன்.

"நானும் இதைத்தான் செய்யறேன்" என்றார்.
"எட்டு மாசமா.
வீட்டுக்குள்ள போய் நிப்பேன்,
மூக்கைச் சுருக்கி மோந்து பார்க்கிற மாதிரி நடிப்பேன்.
கருவி நம்பர் காட்டும், அதை வச்சு சமாளிப்பேன்.
போன வாரம் கருவியில பேட்டரி செத்துப்போச்சு.
ஒருத்தர் சமையலறையில நின்னுக்கிட்டு,
'ஒண்ணுமில்லை சார், தைரியமா அடுப்பைப் பத்த வைங்க'ன்னு
சொல்லிட்டு வந்துட்டேன்."

துணியை மடித்தேன். பிரித்தேன்.

"அன்னிக்கு ராத்திரியே வேற கருவியோட போனேன்.
ஒண்ணும் இல்லைதான்.
ஆனா,"
என்றவர் அந்த ஆனாவிலேயே நின்றுவிட்டார்.
கூரைத் தகரத்தில் மழை.
கல்யாணக் கூட்டத்தில் யாரோ கண்ணாடியைத் தட்டி
வாழ்த்துரை சொல்லத் தொடங்கினார்கள்.

அவர் கிளாஸை எடுத்துக் கவிழ்த்தேன்.
புதிதாக இரண்டு கிளாஸ்.
சர்க்கரை, கசப்பு, ரை, எல்லாம் மறுபடி.
பச்சைக் குப்பியிலிருந்து ஸ்பூன் அளக்காமல் விட்டு
மெதுவாகச் சுழற்றி
அவர் காதுக்கு எட்டுகிற மாதிரி வீசினேன்.
சளக்.

"எப்படி இருக்கு, சொல்லு."
கிளாஸுக்குள் மூக்கை விட்டேன்.
அதிமதுர மிட்டாய். அதற்கு அடியில்
இப்போதுதான் வெட்டிய புல்.
ரொம்ப அடியில் இருமல் மருந்து.
விலாசம் குறித்துக்கொள்கிறவர் போல
ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

ஏழாவது விருந்தாளிக்கு பீர் கொடுத்தேன்,
மணமகளின் அண்ணன், கோபித்துக்கொண்டார்.
திரும்பி வந்தபோது
ஆர்மண்ட் போனைக் காதில் வைத்திருந்தார்.
மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.
கிளாஸைத் தொடவில்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்.
கடைசியில் எலுமிச்சைத் தோல் ஒரு துண்டு.
பானத்தின் மேல் பிடித்து முறுக்கினால்
எண்ணெய் கண்ணுக்குத் தெரியாமல் தெறிக்கும்.
தோலை உள்ளே போடாதே.