ஒரே அலைவரிசை

கெலுகோரில் எங்கள் லோரோங்.
பதினேழுக்கும் பத்தொன்பதுக்கும் நடுவே
ஒற்றைச் சுவர்.

மிஸ்டர் கூ வேலை முடிந்து வந்து
ரிமோட்டை அழுத்தினால்
என் ஆட்டோகேட்டும் திறந்துகொள்ளும்.
ஆள் கூப்பிட்டால் எண்பது வெள்ளி.
ஆறு வருஷமாக யாரும் கூப்பிடவில்லை.

அவர் இருமலில்
சளி எது, சிகரெட் எது என்று சொல்லிவிடுவேன்.
சீனப் பெருநாளுக்கு ஆரஞ்சு வரும்,
தீபாவளிக்கு முறுக்கு போகும்,
கம்பிக்கு மேலாக.
மற்றபடி பேச்சு
குப்பை லோரி வராத நாளில்தான்.

நேற்று ராத்திரி இரண்டரைக்குக் கேட் திறந்தது.
கார் சத்தமே இல்லை.
எட்டிப் பார்த்தேன்.
மழை விட்ட தெருவைப் பார்த்தபடி
பனியனோடு படியில் உட்கார்ந்திருந்தார்,
கையில் ரிமோட்.

என்னுடையதைத் தேடியெடுத்து
மூடினேன்.

திறந்தார்.

மூடினேன்.

திறந்தார்.

அப்புறம்தான்
செருப்பைத் தேடினேன்.